நாட்டுக்கோழியின் மரபணுச் சொத்து

மேரக்ஸ் நோய் தாக்கிய கோழி ஒரு காலை முன்னும் மறு காலைப் பின்னும் நீட்டியபடி எழ முடியாமல் கிடக்கும். 1907-இல் ஹங்கேரியின் கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக் விவரித்த நோய் இது. காரணம் ஒரு வைரஸ். ஆனால் ஒரே கொட்டகையில் சில கோழிகள் விழும், சில தப்பிவிடும். ஏன்?

கோழியின் 16-ஆம் குரோமோசோமில் ‘பி’ என்ற மரபணுத் தொகுதி இருக்கிறது. உள்ளே நுழைந்த கிருமியின் துணுக்கைச் செல்லின் மேற்பரப்பில் நிறுத்தி, எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டிக்கொடுப்பது இதன் வேலை. இதற்குப் பல வடிவங்கள் உண்டு. ‘பி-21’ உள்ள கோழிகள் மேரக்ஸைப் பெரும்பாலும் தாங்கும். ‘பி-19’ உள்ளவை எளிதில் சாயும்.

முட்டைக்காகவும் கறிக்காகவும் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய பண்ணை இனங்களில் சில வடிவங்களே மிஞ்சுகின்றன. புறக்கடையில் கலந்து பெருகும் நாட்டுக்கோழிகளிடம் பல வடிவங்கள் காணப்படுகின்றன. ஒன்று தவறவிடும் கிருமியை இன்னொன்று பிடித்துவிடும்.

அதற்காக நாட்டுக்கோழிக்கு நோயே வராது என்று இருந்துவிடாதீர்கள். வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி கட்டாயம். உறவுக் கலப்பைத் தவிர்க்க, சேவலையும் அவ்வப்போது மாற்றுங்கள்.