வேட்டிக் கிழிசலும் பேத்தியின் சுருட்டை முடியும்

2023 ஜூன் மாதம் ஒரு நாள் காலை, எங்கள் டோம்பிவலி வீட்டில் தீய்ந்த வாடை வந்தது. ரயில்வேயில் வேலை பார்த்த மூக்கல்லவா, ஒயர்தான் எரிகிறது என்று ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். எரிந்தது ஒயர் அல்ல. என் பேத்தியின் தலைமுடி.

அவளுக்கு அப்போது பதினான்கு வயது. பாட்டியைக் கொண்ட சுருட்டை முடி. பள்ளியில் யாரோ ‘நூடுல்ஸ்’ என்று கேலி செய்தார்களாம். தலைக்குக் குளித்த ஈரத்தோடேயே மின்சார ஸ்ட்ரெய்ட்னரை வைத்து இழுத்து நேராக்கி வந்திருக்கிறாள். நேராக இருந்ததை நாங்களும் பார்த்தோம்; வயதுக்கேற்ற அலங்காரம் என்று விட்டுவிட்டோம். அன்று பார்த்தால் இரண்டு காதோரமும் முடி ஒடிந்து துடைப்பம் போல் நின்றது. சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள்.

“ஏங்க, நீங்க இன்ஜினீயர்தானே, எதாவது பண்ணுங்க” என்றாள் மனைவி. டிப்ளமாவில் இதைச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் படித்துப் பார்த்ததில் விஷயம் புரிந்தது.

தலைமுடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதற்குள் இரண்டு வகைப் பிணைப்புகள் முக்கியம். கந்தகப் பிணைப்பு உறுதியானது. பார்லரில் போடும் ரசாயனம்தான் அதை உடைக்கும். ஹைட்ரஜன் பிணைப்போ தண்ணீர் பட்டாலே விடுபட்டு, காயும்போது முடி எந்த வளைவில் இருக்கிறதோ அந்த வளைவிலேயே மறுபடி கூடிக்கொள்ளும். ஆகவே முடியைச் சுருட்ட வேண்டியது ஈரமும் பொறுமையும்தான். சூடே வேண்டாம். ஸ்ட்ரெய்ட்னர் தகடு 200 டிகிரி வரை கொதிக்கும். ஈரமுடியில் அதை வைத்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிக் குமிழ் கட்டும். அந்த இடத்தில் முடி முறியும். பாய்லரில் ஆவி எப்படிச் சேதம் செய்யும் என்பதை நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

கருகிய முடி பழையபடி ஆகாது. புதுமுடி மாதம் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அக்டோபருக்குள் வேரோரம் நான்கு சென்டிமீட்டர் சுருளும், அதற்குக் கீழே உயிரில்லாத நேர்முடியுமாக இரண்டுங்கெட்டானாய் நின்றது. நவராத்திரி கொலுவுக்குக்கூட வெளியே வரமாட்டேன் என்று அழுதாள். அப்போதுதான் மனைவி தன் தாயார் செய்த துணிச்சுருளை நினைவுபடுத்தினாள். அவளுக்கு விரல்மூட்டு வீக்கம். எனவே மேற்பார்வை அவள், வேலை நான்.

என் பழைய பருத்தி வேட்டியை ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலமாகப் பதினான்கு துண்டுகள் கிழித்தோம். ஆளி விதை (இங்கே கடையில் அல்சி என்று கேட்க வேண்டும்) இரண்டு மேஜைக்கரண்டி எடுத்து, ஒன்றரைக் கோப்பைத் தண்ணீரில் கொதிக்கவிட்டேன். முட்டை வெள்ளைக்கரு போல் வழுவழுப்பானதும் இறக்கி, சூடாக இருக்கும்போதே வடிகட்ட வேண்டும். ஆறவிட்டால் துணியில் இறங்கவே இறங்காது. முதல்முறை எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

தலைக்குக் குளித்தபின் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தோம். முக்கால்வாசி காய்ந்ததும் அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்து, விதைச் சாற்றைத் தடவி, பதினான்கு பாகமாகப் பிரித்தேன். ஒவ்வொரு பாகத்தின் நுனியையும் துணியின் நடுவில் வைத்து வேர்வரை சுற்றி, துணியின் இரு முனைகளையும் முடிச்சுப் போட வேண்டும். “இழுக்காதீங்க, அது தண்டவாளம் இல்லை” என்றாள் மனைவி. உண்மைதான். இறுக்கிக் கட்டினால் வேர் பழுதாகும். பழைய பட்டுப்புடவைத் துண்டைத் தலையணை மேல் விரித்துப் படுத்தாள்.

காலையில் தொட்டுப் பார்த்து, நன்றாகக் காய்ந்திருந்தால் மட்டுமே அவிழ்க்கலாம். சீப்பு கூடாது, விரலால்தான் பிரிக்க வேண்டும். புதுமுடியும் பழைய முடியும் ஒரே சுருளாக விழுந்திருந்தன. எது எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. அவள் கண்ணாடி முன் வெகுநேரம் நின்றாள்.

மும்பை மழைக்காலத்தில் இது சரிப்படாது. ஜூலையில் இரவு முழுக்க மின்விசிறி ஓடினாலும் முடி காயாது. காய்ந்தாலும் வெளியே போனதும் காற்றின் ஈரம் பட்டுக் கலைந்துவிடும். ஜெனீவாக்காரர் டி சோசூர் 1783-இல் மனிதத் தலைமுடியைக் கொண்டே காற்றின் ஈரத்தை அளக்கும் கருவி செய்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆண்டுகளில் கருகிய பகுதியை முழுக்க வெட்டியாயிற்று. இப்போது அவளுக்குத் துணிச்சுருள் தேவையில்லை. இருந்தாலும் விசேஷ நாட்களில் தானே கட்டிக்கொள்கிறாள். கொடியில் காயும் துண்டுகளைப் பார்த்து என்னவென்று கேட்ட பக்கத்து வீட்டு மராத்தி அம்மாள் தன் மகளுக்காக நான்கு வாங்கிப் போனார். இன்னும் திரும்பி வரவில்லை.