குழந்தை வளர்ச்சிப் படிநிலைகள்

குழந்தை வளர்ச்சிப் படிநிலைகள் என்பன, ஒரு குழந்தை தலை நிமிர்தல், முகம் பார்த்துச் சிரித்தல், குப்புற விழுதல், உட்காருதல், தவழ்தல், நடத்தல், பேசுதல் முதலிய திறன்களை அடையும் கட்டங்கள் ஆகும். இவை பெரும்பாலும் ஒரே வரிசையில் தோன்றினாலும், தோன்றும் வயது குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். அண்டை வீட்டுக் குழந்தை நடக்கத் தொடங்கியும் தம் குழந்தை நடக்கவில்லையே என்னும் கவலை பெற்றோரிடம் பரவலாகக் காணப்படுகிறது.

தமிழில் பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தைமையைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கிறது. அவற்றுள் கைகளை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும் வருகை ஆகியன இத்தகைய திறன்களையே குறிக்கின்றன.

இயல்பான வயது எல்லைகள்

உலக சுகாதார அமைப்பு இந்தியா, ஓமான், கானா, நார்வே, ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் நலமான குழந்தைகளை ஆராய்ந்து, 2006 ஆம் ஆண்டு பின்வரும் எல்லைகளை வெளியிட்டது:

- துணையின்றி உட்காருதல்: 3.8 முதல் 9.2 மாதம்
- பிடித்துக்கொண்டு நிற்றல்: 4.8 முதல் 11.4 மாதம்
- கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்தல்: 5.2 முதல் 13.5 மாதம்
- பிடித்துக்கொண்டு நடத்தல்: 5.9 முதல் 13.7 மாதம்
- தனியே நிற்றல்: 6.9 முதல் 16.9 மாதம்
- தனியே நடத்தல்: 8.2 முதல் 17.6 மாதம்

இவற்றுள் முதல் எண் 1 விழுக்காட்டினரும், இரண்டாம் எண் 99 விழுக்காட்டினரும் அத்திறனை அடைந்துவிடும் வயதாகும். எனவே ஒன்பதாம் மாதத்தில் நடக்கும் குழந்தையும் பதினாறாம் மாதத்தில் நடக்கும் குழந்தையும் இயல்பான எல்லைக்குள்ளேயே உள்ளன. ஆய்வுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினர் இம்முறையில் தவழவே இல்லை.

குறைமாதக் குழந்தைகள்

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் வயதை, பிறக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிட வேண்டும். இது திருத்திய வயது எனப்படும். எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த ஆறு மாதக் குழந்தையை நான்கு மாதக் குழந்தையாகவே கருத வேண்டும். வழக்கமாக இரண்டு வயது வரை இம்முறை பின்பற்றப்படுகிறது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

பின்வருவனவற்றுள் ஏதேனும் காணப்பட்டால் மருத்துவரை அணுகுதல் வேண்டும்:

- ஒலிக்கு எதிர்வினை காட்டாமை
- மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காமை
- உடல் மிகத் தளர்ந்தோ விறைத்தோ இருத்தல்
- ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துதல்
- பதினெட்டு மாதமாகியும் நடக்காமை
- முன்பு பெற்ற திறனை எந்த வயதிலேனும் இழத்தல்

பெற்றோரின் கவலை

பெற்றோரின் கவலை பயனற்றதன்று. அது ஓர் அறிகுறியாகவே கொள்ளப்படுகிறது. அமெரிக்க உளவியலாளர் பிரான்சஸ் கிளாஸ்கோ 1997 இல் வெளியிட்ட பத்து வினாக்கள் கொண்ட கருவி, பெற்றோரின் ஐயங்களைக் கேட்டறிந்தே குறைபாடுகளைக் கண்டறிய உதவுகிறது. குழந்தை எப்போது எதைச் செய்தது என்னும் குறிப்பும், கைப்பேசியில் எடுத்த நிகழ்படமும் மருத்துவருக்குத் துணைபுரியும்.

விரைவில் நடக்கட்டும் என்று சக்கரம் பொருத்திய வாக்கரில் குழந்தையை உட்கார வைப்பது பயன் தருவதில்லை. அதனால் விபத்துகள் நேர்வதால் கனடா 2004 இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. குழந்தை விழித்திருக்கையில், பெரியவர் கண்காணிப்பில் தரையில் குப்புறக் கிடந்து விளையாட விடுவது கழுத்து, முதுகுத் தசைகளுக்கு வலுவூட்டும்.

சோதனையும் சிகிச்சையும்

இந்தியாவில் இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கென 17 திறன்களைக் கொண்ட திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணை 1991 இல் வெளியானது. 2013 இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் கட்டணமின்றிச் சோதனையும் சிகிச்சையும் அளிக்கப்படுகின்றன.

சில குறைபாடுகளில் காலத்தாழ்வு மீளாத் தீங்கு விளைவிக்கும். பிறவித் தைராய்டுக் குறைபாட்டிற்குப் பிறந்த முதல் இரு வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் அறிவு வளர்ச்சி பெரும்பாலும் இயல்பாக அமையும். மாதக்கணக்கில் தாமதித்தால் ஏற்பட்ட பாதிப்பை முழுமையாகச் சரிசெய்ய இயலாது. ஆகையால் ஐயம் எழுந்தவுடன் சோதித்தறிவதே பரிந்துரைக்கப்படுகிறது.