காந்தம் தரும் குளிர்ச்சி

குளிர்ச்சி என்றதும் நம் நினைவிற்கு வருவது குளிர்பதனப் பெட்டி. அது வளிமத்தை அழுத்தியும் விரித்தும் குளிர்ச்சியை விளைவிக்கிறது. முன்னர்ப் பயன்பட்ட வளிமங்கள் ஓசோன் படலத்தைச் சிதைத்தன. மாற்றாக வந்தவற்றுட் பல புவியின் வெப்பத்தை மிகுவிக்கின்றன. அத்தகைய வளிமங்களை நாடாது குளிர்ச்சி பெற இயலுமா? இயலும் என்று விடை பகர்கின்றன அருமண் தனிமங்களும் அவற்றின் உலோகச் சேர்மங்களும்.

அருமண் தனிமங்களுள் ஒன்று காடோலினியம். இதன் அணு ஒவ்வொன்றிலும் இணைசேரா எலெக்ட்ரான்கள் ஏழு இருத்தலால், அணுவே ஒரு சிறு காந்தமாக விளங்குகிறது. திடலில் கலைந்து நிற்கும் மாணவர் மணியோசை கேட்டதும் அணிவகுப்பதுபோல, வெளியிலிருந்து காந்தப்புலம் செலுத்தியதும் இச்சிறு காந்தங்கள் ஒருதிசை நோக்குகின்றன. காந்தங்களிடம் குறைந்த ஒழுங்கின்மை அணுக்களின் அதிர்வாக மாறுகிறது, உலோகம் சூடேறுகிறது. அச்சூட்டை நீர்கொண்டு அகற்றியபின் புலத்தை நீக்கினால், காந்தங்கள் மீண்டும் கலைகின்றன. கலைவதற்குரிய ஆற்றலை அணுக்களின் அதிர்விலிருந்தே பெறுகின்றன, உலோகம் குளிர்கிறது. இதுவே காந்தவெப்ப விளைவு.

1917இல் வைஸ், பிக்கார்டு என்னும் இருவர் இவ்விளைவை நிக்கலில் கண்டனர். 1933இல் ஜியாக், மக்டூகல் ஆகியோர் காடோலினியம் சல்பேட்டு என்னும் உப்பைக்கொண்டு 0.25 கெல்வின் வரை குளிர்வித்தனர்.

ஒவ்வொரு பொருளும் தன் காந்த ஒழுங்கை இழக்கும் வெப்பநிலையை ஒட்டியே இவ்விளைவை மிகுதியாகக் காட்டும். தூய காடோலினியத்திற்கு அது ஏறத்தாழ 20 பாகை செல்சியசு. பிற வெப்பநிலைகளுக்கு என் செய்வது? சேர்மங்களின் சிறப்பு இங்கேதான் புலனாகிறது. 1997இல் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் பெச்சார்ஸ்கி, க்ஷ்னைட்னர் ஆகியோர், காடோலினியம் ஐந்து, சிலிக்கான் இரண்டு, ஜெர்மானியம் இரண்டு என்னும் அணு விகிதத்தில் அமைந்த சேர்மத்தில் பெருங் காந்தவெப்ப விளைவைக் கண்டனர். காந்த ஒழுங்கோடு படிக அமைப்பும் ஒருங்கே மாறுவதே அப்பெருமைக்குக் காரணம். சிலிக்கான், ஜெர்மானியம் ஆகியவற்றின் விகிதத்தை மாற்றினால் செயற்படும் வெப்பநிலையும் மாறும். 2020இல் ஜப்பானியர் ஆராய்ந்த ஹோல்மியம் போரைடு 15 கெல்வின் அளவில் சிறந்து விளங்குகிறது. ஐதரசனை நீர்மமாக்க இஃது உதவக்கூடும்.

குறைகளும் உள. படிக அமைப்பு மாறும் சேர்மங்களிற் புலத்தை ஏற்றும் வழியும் இறக்கும் வழியும் வேறுபடுவதால் ஆற்றல் வீணாகிறது. பன்முறை மாறும் பொருளில் விரிசலும் தோன்றும். வலிய காந்தங்களும் விலை மிக்கவை. இத்தடைகளைக் கடந்தாலன்றி இவ்வகைப் பெட்டி எளியோர் இல்லம் சேராது. அவற்றைக் கடக்கும் ஆய்வில் நம் மாணவரும் பங்குகொள்வாராக!