சிறுநீர்க் கசிவுக்கு வலைநாடா: பயனும் அபாயமும்

இருமும்போதும் தும்மும்போதும் நீர்க்குடத்தைத் தூக்கும்போதும் தம்மை அறியாமல் சிறுநீர் கசிவதைப் பெண்கள் பலர் வெளியில் சொல்வதில்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு இது இயல்பே என்று எண்ணி, பயணங்களையும் விசேஷ வீடுகளையும் தவிர்த்து வாழ்கின்றனர். மகப்பேறு, முதுமை, உடற்பருமன், நாட்பட்ட இருமல் ஆகியவற்றால் இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்து, சிறுநீர்க் குழாய்க்குப் போதிய தாங்கல் இல்லாமற் போவதே இதற்குக் காரணமாகும்.

நாடா வந்த வரலாறு

முன்னர் இதற்கு வயிற்றைத் திறந்தே அறுவைச் சிகிச்சை செய்து வந்தனர். சுவீடன் நாட்டு மருத்துவர் உல்ஃப் உல்ம்ஸ்டனும் அவர்தம் குழுவினரும் 1996-இல் எளிய முறையொன்றை வெளியிட்டனர். பாலிபுரோப்பிலீன் இழையால் பின்னிய மெல்லிய நாடா, சிறுநீர்க் குழாயின் கீழே தொட்டில்போல் நின்று அதைத் தாங்குகிறது. காயம் சிறிது, வீடு திரும்புவதும் விரைவு. பெரும்பாலோர்க்குக் கசிவு நின்றது அல்லது குறைந்தது. எனவே இம்முறை உலகெங்கும் பரவியது.

மறுபக்கம்

நாடாவின் கண்களினூடே உடலின் திசு வளர்ந்து பிணைந்துகொள்கிறது. அதன் வலிமையும் ஆபத்தும் இதுவே. நாடா திசுவை அரித்து வெளிப்பட்டாலோ, தீராத வலி தந்தாலோ, அதை முழுமையாக அகற்றுவது கடினம். இங்கிலாந்தில் 2006 முதல் 2015 வரை இச்சிகிச்சை பெற்ற ஏறத்தாழ 95,000 பெண்களை ஆராய்ந்ததில், ஒன்பது ஆண்டுகளுக்குள் நாடாவை ஓரளவேனும் அகற்ற நேர்ந்தவர்கள் நூற்றுக்கு 3.3 பேர் எனக் கணக்கிடப்பட்டது. அகற்றாமலே வலியுடன் வாழ்வோர் இக்கணக்கில் சேரார் என்பதையும் மறத்தலாகாது.

நாடுகளின் முடிவுகள்

கருப்பை இறக்கத்துக்குப் பிறப்புவழியாகப் பொருத்தும் பெரிய வலைகளின் விற்பனையை அமெரிக்கா 2019-இல் நிறுத்தியது. கசிவுக்கான நாடாவை நிறுத்தவில்லை. இங்கிலாந்தோ 2018-இல் நாடாவின் பயன்பாட்டையும் இடைநிறுத்தியது. பாதிக்கப்பட்ட பெண்களின் முறையீடுகள் நெடுங்காலம் செவிமடுக்கப்படவில்லை என்று அங்கு 2020-இல் வெளியான கம்பர்லெஜ் குழுவின் அறிக்கை எடுத்துரைத்தது. நியூசிலாந்து 2023-இல் இடைநிறுத்தம் செய்தது.

செய்யத்தக்கவை

கத்திக்கு முன் பயிற்சி வேண்டும். தேர்ந்தவரின் மேற்பார்வையில் மூன்று மாதமேனும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி செய்வதும், உடல் எடையைக் குறைப்பதும் பலருக்குப் போதிய பலன் அளிக்கும். அதன்பின்னும் தேவையெனில், நோயாளியின் சொந்தத் திசுவையே தாங்கியாக அமைக்கும் முறையும் உண்டு. ஆயின் அதில் காயம் பெரிது; சிறுநீர் கழிப்பதில் தடையும் நேரலாம். அபாயமற்ற அறுவை எதுவுமில்லை.

நம் நாட்டில் மருத்துவச் சாதனங்களால் விளையும் தீங்குகளைப் பதிவுசெய்யும் திட்டம் 2015 ஜூலையில் தொடங்கியது. காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் அதை நடத்துகிறது. பெண்கள் நாணத்தால் மௌனம் காத்தால் பதிவேடும் மௌனமாகவே இருக்கும். பொருத்தப்படுவது எது, அகற்ற முடியுமா, மாற்று வழி யாது என்று வினவுவது நோயாளியின் உரிமை. பொறுமையுடன் விடையளிப்பது மருத்துவரின் கடமை.