இதயம் தேறிய பின்னும் தேறாத மனம்

ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்து வீடு திரும்புபவருக்கு மருத்துவமனை ஓர் அறிக்கை தருகிறது. எந்த மாத்திரையை எப்போது உட்கொள்வது, உப்பை எவ்வளவு குறைப்பது, நாளொன்றுக்கு எத்தனை நிமிடம் நடப்பது, மறுபரிசோதனைக்கு என்று வருவது என எல்லாம் அதில் இருக்கும். நள்ளிரவில் விழித்துக்கொண்டு தம் நாடியைத் தாமே பிடித்துப் பார்ப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது.

மாரடைப்புக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தீவிர மனச்சோர்வு ஏற்படுகிறது. பதற்றத்தால் அவதியுறுவோரையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-இல் வெளியானது. மாரடைப்புக்குரிய ஒன்பது முக்கியக் காரணிகளை அது வரிசைப்படுத்தியபோது, புகைப்பழக்கம், நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு மன அழுத்தம், சோர்வு முதலிய உளச்சமூகக் காரணிகளுக்கும் இடம் தந்தது. சோர்வுற்றவர் மாத்திரையைத் தவறவிடுகிறார், நடையைக் கைவிடுகிறார், விட்டொழித்த புகையை மீண்டும் நாடுகிறார். ஆகவே இதய நோயாளியின் மனநிலை மருத்துவர் கவனிக்க வேண்டிய ஒன்றே.

அச்சம் செயல்படும் விதத்தைச் சற்று உற்றுநோக்குவோம். மாடிப்படி ஏறும்போது எவருக்கும் இதயம் வேகமாகத் துடிக்கும். மாரடைப்பைக் கண்டவருக்கோ அந்தத் துடிப்பே எச்சரிக்கை மணியாகக் கேட்கிறது. அஞ்சி நின்றுவிடுகிறார், அச்சத்தால் துடிப்பு மேலும் கூடுகிறது. மறுநாள் முதல் படியேறுவதையே தவிர்க்கிறார். சில வாரங்களில் தசைகள் வலுவிழக்க, நான்கு படிகளுக்கே மூச்சு வாங்குகிறது. 'என் இதயம் பழுதாகிவிட்டது' என்ற எண்ணத்துக்கு அதுவே சான்றாகிவிடுகிறது. மருத்துவர் நடக்கச் சொல்லியும், மாடியில் இயங்கும் கிளைக்குத் தாம் வராமல் மகனை அனுப்பும் ஓய்வூதியர்களை நாம் அறிவோம். அவர்களைத் தடுப்பது எப்போதும் இதயத்தின் பலவீனம் அன்று.

இத்தகையவரிடம் உறவினர் அனைவரும் கூறுவது, 'கவலைப்படாதீர்கள்' என்பதே. அன்பின் மிகுதியால் சொல்வதுதான். ஆயினும் அது சிகிச்சை ஆகாது. காய்ச்சல்காரரிடம் 'சூட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

உளவியல் சிகிச்சை வேறு வழியில் செல்கிறது. அறிதிறன் நடத்தைச் சிகிச்சை என்னும் முறையில், அஞ்சிய எண்ணம் எதுவென்று நோயாளியே எழுதிவைக்கிறார். பின்னர் மருத்துவர் அனுமதித்த அளவுக்குள் அதைச் சோதித்துப் பார்க்கிறார். இன்று ஐந்து படி, அடுத்த வாரம் பத்துப் படி. ஏறுமுன் எதிர்பார்த்தது என்ன, ஏறிய பின் நடந்தது என்ன? இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது அச்சத்தின் பிடி தளரத் தொடங்குகிறது. மற்றொரு முறையில், கவலைப்படுவதற்கென்றே நாளில் குறிப்பிட்ட சிறிது நேரத்தை ஒதுக்கி, ஏனைய நேரங்களில் எழும் கவலையை அந்நேரத்துக்குத் தள்ளிப்போடப் பழக்குகிறார்கள். கேட்கச் சற்று வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் இங்கிலாந்தில் இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு வந்த 332 பேரிடம் இம்முறையைச் சேர்ந்த குழுச் சிகிச்சை சோதிக்கப்பட்டது. 2021-இல் வெளியான முடிவுகளின்படி, வழக்கமான பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிட இவர்களிடம் பதற்றமும் சோர்வும் நன்கு குறைந்திருந்தன.

இது ஆயுளை நீட்டிக்குமா? இங்கே மிகைப்படுத்தாமல் பேசுவது நல்லது. அமெரிக்காவில் 2,481 பேரிடம் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், சிகிச்சையால் சோர்வு குறைந்ததே தவிர, இறப்பு குறையவில்லை. மாறாக, சுவீடனில் 362 பேரிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக் குழுச் சிகிச்சை பெற்றவர்களிடம் நோய் மீண்டும் தாக்கும் வீதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. ஆயுளைப் பற்றிய விவாதம் தொடரட்டும். கிடைத்த ஆயுளை அஞ்சி அஞ்சிக் கழிக்காமல் வாழ முடிவதே போதிய பயன் என்பது நம் கருத்து.

கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமின்மையோ மனவாட்டமோ பெரும்பாலான நாட்களில் இருந்ததா? ஆம் எனில், அடுத்த பரிசோதனையின்போது இதய மருத்துவரிடமே அதைச் சொல்லலாம். உளவியல் வல்லுநரிடம் அவர் அனுப்பிவைப்பார். மனச்சோர்வு மாத்திரைகளை அவர் அறியாமல் உட்கொள்ளலாகாது. நெஞ்சுவலி வந்தால் 'எல்லாம் மனப்பிரமை' என்று ஒதுக்கிவிடுவதும் கூடாது. முதலில் மருத்துவமனை, மற்றவை பிறகு.

செலவைப் பற்றியும் ஒரு சொல். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு இணையாக மனநோய்ச் சிகிச்சைக்கும் மருத்துவக் காப்பீடு வழங்கவேண்டும் என்கிறது. எனினும் பல பாலிசிகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. உளவியல் ஆலோசனையோ பெரும்பாலும் வெளிநோயாளியாகச் சென்று பெறுவது. ஆகவே பாலிசியைப் புதுப்பிக்கும்போது வெளிநோயாளிச் செலவு அதில் அடங்குமா என்று கேட்டறிய வேண்டும். அடங்காதவர்களுக்கு, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் சேவை உள்ளது. 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். நோயாளி உறங்கிய பின்னும் அவர் மூச்சைக் கவனித்தபடி விழித்திருக்கும் மனைவியோ கணவரோகூட அந்த எண்ணை அழைக்கலாம்.