லேசான ஷூ எதற்கு?

காவலர் தேர்வுக்காகக் காணைப் பக்கம் விடியற்காலையில் ஓடிப் பழகும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு தகவல். உடற்திறன் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம்.

பயிற்சி ஷூ ஒன்று சுமார் 250 முதல் 300 கிராம். பந்தய ஷூ 200 கிராமை ஒட்டி இருக்கும். ஒவ்வொரு காலிலும் 100 கிராம் கூடினால், ஓடச் செலவாகும் சக்தி ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடுகிறது. இது ஆய்வகத்தில் அளந்த கணக்கு. 7 நிமிட ஓட்டத்தில் அது மூன்று, நான்கு விநாடி. விளிம்பில் நிற்பவருக்கு அதுவே பெரிசு.

அதற்காக லேசான ஷூவைத் தினமும் தார்ச்சாலையில் தேய்க்காதீர்கள். அடிப்பாகத்து நுரை சீக்கிரம் அமுங்கிவிடும். பக்கவாட்டில் சுருக்கக் கோடுகள் விழுந்து, கட்டைவிரலால் அழுத்தினால் கல் மாதிரி இருந்தால் ஷூ முடிந்தது. அப்புறம் கெண்டைக்கால்தான் அடி வாங்கும். பழக்கத்துக்குக் கனமானதே நல்லது. மாரத்தான் வீரர்கள் போடும் கார்பன் தகடு ஷூவெல்லாம் இதற்கு வீண் செலவு.

லேசான ஷூ வாங்கினால், தேர்வுக்கு முன் நாலைந்து தடவையாவது போட்டு ஓடிப் பாருங்கள். புத்தம் புதுசோடு நேரே மைதானத்தில் இறங்கினால் குதிகாலில் கொப்புளம்தான் மிஞ்சும்.