காப்பித் தோட்டத்தில் பல மர நிழல்

எத்தியோப்பிய மலைக்காடுகளில் பெருமரங்களின் அடியில் இயற்கையாக வளர்ந்த செடி அராபிகா காப்பி. இந்தியாவில் காப்பி பெரும்பாலும் மர நிழலிலேயே பயிரிடப்படுகிறது. எனவே நம் நாட்டுக் காப்பித் தோட்டம் ஒவ்வொன்றும் ஒரு மரத்தோட்டமும் ஆகும். ஆனால் நிழல் தருவது எத்தகைய மரம், எத்தனை வகை மரம் என்பது இன்று நம் கவனத்திற்குரியது.

குடகு கற்பித்த பாடம்

19ஆம் நூற்றாண்டின் நடுவில் குடகில் தோட்டம் அமைத்த ஐரோப்பியர் பலர், காட்டை அடியோடு அழித்து, வெட்டவெளியில் காப்பி நட்டனர். 1860களில் தண்டு துளைப்பான் வண்டு பெருகித் தோட்டங்களைப் பாழாக்கியது. பட்டை வெடிப்புகளில் இவ்வண்டு முட்டையிடுகிறது. புழு தண்டினுள் குடைந்து சென்று செடியை அழிக்கிறது. வெயில் படும் செடிகளையே வண்டு மிகுதியும் நாடும். இந்த இழப்புக்குப் பின்னரே நிழலின் அருமை உணரப்பட்டது.

ஈரடுக்கு நிழல்

மரபான தோட்டத்தில் நிழல் இரண்டு அடுக்குகளாக அமையும். கீழடுக்கில் முள்முருங்கை, மேலடுக்கில் அத்தி, பலா, ஈட்டி, வேங்கை போன்றவை. முள்முருங்கை காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளின் வழியே நிலத்தில் சேர்க்கிறது. பருவமழையின் தொடக்கத்தில் அதன் கிளைகளைக் கழித்தால் செடிக்கு ஒளி கிடைக்கும். கோடைக்குள் அது மீண்டும் தழைத்துவிடும். அத்திப்பழம் பறவைகளுக்கு உணவாகிறது. உதிரும் சருகு மழையின் தாக்குதலிலிருந்து மண்ணைக் காத்து, மட்கி உரமாகிறது. பல இனங்கள் இருப்பதால் ஓர் இனத்தை நோய் தாக்கினும் நிழல் முழுவதும் அற்றுப்போவதில்லை.

சில்வர் ஓக் பெருகியது ஏன்?

இன்று குடகிலும், தமிழகத்தின் சேர்வராயன், கீழ்ப்பழனி மலைகளிலும் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட சில்வர் ஓக் பரவலாகக் காணப்படுகிறது. அது விரைந்து, நேராக வளர்கிறது. மிளகுக் கொடிக்குக் கொழுகொம்பாகிறது. மரமாகவும் விலை போகிறது. நம் காப்பித் தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவை 10 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு தோட்டங்கள். காப்பி விலை வீழ்ந்த ஆண்டில் சிறு விவசாயிக்குக் கைகொடுக்கும் சேமிப்பு இந்த மரமே. ஆயினும் அது முள்முருங்கையைப் போல் நைட்ரஜன் சேர்ப்பதில்லை. அத்தியைப் போல் பறவைக்குப் பழம் தருவதுமில்லை.

சட்டமும் இதற்கு ஒரு காரணம். குடகில் ஒரு பகுதி நிலங்களில் இயற்கையாக வளர்ந்த மரங்களின் உரிமை அரசிடம் உள்ளது. நாட்டு மரத்தை வெட்ட அனுமதி வேண்டும். சில்வர் ஓக்கிற்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. காட்டைக் காக்க எழுந்த விதியே, நாட்டு மரக்கன்றை நட விவசாயி தயங்கும் நிலையை உண்டாக்கிவிட்டது.

செய்ய வேண்டியவை

விவசாயியைக் குறை கூறிப் பயனில்லை. தாம் நட்டு வளர்த்த நாட்டு மரத்தின் பயனை அவர் எளிய நடைமுறையில் பெற வழி காண வேண்டும். நாட்டு மரக்கன்றுகள் நாற்றங்கால்களில் தாராளமாகக் கிடைக்க வேண்டும். சில்வர் ஓக்கை வெட்டும் இடத்தில் பலாவோ அத்தியோ நடும் வழக்கத்தை வளர்க்கலாம். பல மர நிழலில் விளைந்த காப்பிக்கு உரிய கூடுதல் விலை, அதை விளைவித்தவரைச் சென்றடையவும் வேண்டும். மரம் வளர்ப்பது விவசாயிக்கு இழப்பாக இல்லாதபோதுதான் மலையின் பசுமை நிலைக்கும்.